உடைமையைத் தொண்டாக்கிய ஓமந்தூரார்

திருவண்ணாமலைக்குத் தெற்கே, பெண்ணையாற்றங்கரையில், திருக்கோவலூர் என்னும் திவ்ய தேசம் விளங்குகின்றது. அருணை நகருக்கு வரும் வைணவ அடியார்கள் அங்கும் சென்று சேவித்து வருவது வழக்கம். ஒரு திருவடியை நிலத்தில் ஊன்றி, மற்றொரு திருவடியை விண்ணோக்கி உயர்த்தி, உலகளந்த திருக்கோலத்தில் எம்பெருமான் அங்கே காட்சி தந்தருள்கின்றான். அத்திருக்கோலம் உணர்த்தும் வரலாற்றை அறியாதார் இலர். பிரகலாதனின் பேரனாய்ப் பிறந்த மகாபலி, மூவுலகையும் தன் உடைமையாகக் கொண்டிருந்தவன். மூவடி மண் வேண்டி வந்த குறளுருவனுக்குத் தாரை வார்த்தான். இரண்டடிகளில் அவன் உடைமை அனைத்தும் அளக்கப்பட்டுவிட்டது. மூன்றாம் அடிக்குத் தன் தலையையே ஏந்திக் காட்டினான்.

நிலம் தன்னுடையது என்று மனிதன் எண்ணுவதெல்லாம், அளப்பவன் வரும் வரையில்தான். மண்ணுக்கு உரியவன் அவனே என்று தெளிந்த பின்னர், அம்மண்ணைக் கையில் வைத்திருப்பவன் வெறும் காவலனே ஆவான். எம்பெருமானாருக்கு உடையவர் என்னும் திருநாமம் வழங்குவதும் ஈண்டு நினைக்கத்தக்கது. துறவறம் பூண்டு தமக்கென ஒன்றும் வைத்துக்கொள்ளாத அம்மகானையே உடையவர் என்று உலகம் போற்றுகின்றது. தனக்கென வைத்துக்கொள்ளாதவனே உண்மையில் உடையவன் என்பது இதன் உட்பொருள் போலும்.

இப்பேருண்மையை அரசியல் என்னும் ஆரவாரக் களத்தில் நின்று வாழ்ந்து காட்டிய பெருந்தகை ஒருவர் இந்த வட்டாரத்திலேயே தோன்றினார். அவரே சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாய் விளங்கிய ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆவார். ஓமந்தூரார் என்று ஊர்ப்பெயராலேயே தமிழுலகம் அவரை அறியும்.

பிறப்பும் குடியும்

திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே செஞ்சிக்கோட்டையைக் கடந்து சென்றால் திண்டிவனம் வரும். அதனை அடுத்துள்ள சிற்றூர் ஓமந்தூர். இன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அங்கே நிலபுலங்களுடன் வாழ்ந்த வேளாண் குடும்பம் ஒன்றில், முத்துராம ரெட்டியாருக்கும் அரங்கநாயகி அம்மையாருக்கும் மகனாக 1895 பிப்ரவரி முதல் நாள் ராமசாமி பிறந்தார். தாயாருக்குத் திருவரங்கத்துப் பிராட்டியின் திருநாமம். மகனுக்கோ சக்கரவர்த்தித் திருமகனின் திருநாமம். பிதுரார்ஜிதம் என்று பேசப்படுவன வயலும் வீடும் மட்டுமல்ல. இத்தகைய பெயர்களும் அவற்றோடு வரும் கடமைகளும் அதில் அடங்கும்.

திண்டிவனத்தில் ஆற்காடு மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்தாரின் பெயரால் விளங்கும் பள்ளியில் அவர் கல்வி பயின்றார். பெரும் பட்டங்கள் பெற்றவர் அல்லர். வழக்கறிஞர் தொழில் புரிந்தவரும் அல்லர். அக்காலத்து அரசியல் தலைவர்களுள் பலர் நீதிமன்றங்களிலிருந்து வந்தவர்கள். இவர் வயல்வரப்பிலிருந்து வந்தவர். மழை பொய்த்தால் கிணறு என்ன ஆகும், விளைச்சல் குன்றினால் குடியானவன் கிஸ்தியை எவ்வாறு கட்டுவான் என்பனவற்றை ஏட்டில் அன்றி நேரில் கண்டு வளர்ந்தவர். பின்னாளில் நிலத்தைப் பற்றிய பெருஞ்சட்டங்களுக்குத் தலைமை தாங்க வேண்டியிருந்தபோது, இவ்வனுபவமே அவருக்குத் துணை நின்றது.

நாட்டுத் தொண்டு

காந்தியடிகளின் அழைப்பு நாடெங்கும் ஒலித்தபோது, வசதியுள்ள குடும்பங்களின் வாரிசுகள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஆட்சியாளரை அண்டிப் பட்டமும் மதிப்பும் பெறுவது ஒன்று. கதர் உடுத்துச் சிறை செல்வது மற்றொன்று. முதல் வழியில் உடைமை பெருகும். இரண்டாம் வழியில் இருப்பதும் கரையும். ஓமந்தூரார் இரண்டாம் வழியையே தேர்ந்தார். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகிய ஆக்கப் பணிகளில் ஊர் ஊராய்ச் சென்று உழைத்தார். விடுதலைப் போராட்டத்தில் பன்முறை சிறை ஏகினார். தென்னார்க்காட்டில் காங்கிரஸ் இயக்கத்திற்குத் தூணாக விளங்கிய அவர், மேடைப் பேச்சால் பெயர் பெற்றவர் அல்லர். சொன்னதைச் செய்பவர், கணக்கில் ஒரு காசும் பிசகாதவர் என்ற நம்பிக்கையே அவர் ஈட்டிய செல்வாக்கு.

இந்திய நாட்டிற்கு அரசியலமைப்பை வகுக்கக் கூடிய அரசியல் நிர்ணய சபையிலும் சென்னை மாகாணத்தின் சார்பில் அவர் உறுப்பினராக இருந்தார். எனினும் பதவியை நாடி அவர் எங்கும் சென்றதில்லை; பதவிதான் அவரை நாடி வந்தது.

அண்ணாமலையில் பெற்ற தெளிவு

1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாக இருந்தவர் ஆந்திர கேசரி டி. பிரகாசம். சட்டமன்றக் காங்கிரஸ் கட்சியினரின் நம்பிக்கையை அவர் இழந்த நிலையில், கட்சியின் கண்கள் ஓமந்தூராரை நோக்கித் திரும்பின. தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜரின் ஆதரவும் அவருக்கு இருந்தது. ஆயின் ஓமந்தூராரோ தயங்கினார். அக்காலச் சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாடு மட்டுமன்று. தெலுங்கு பேசும் கடலோர மாவட்டங்களும் ராயலசீமையும், மலபாரும், தென் கன்னடமும் அதில் அடங்கியிருந்தன. நான்கு மொழிகள் வழங்கும் அப்பெரும் பரப்பை ஆளுவதற்குத் தாம் தகுதியுடையோமா என்ற ஐயம் அவருக்கு இருந்தது.

இவ்விடத்தில்தான் திருவண்ணாமலை அவர் வாழ்வில் இடம் பெறுகின்றது. 1896 செப்டம்பர் முதல் நாள் இளம் பருவத்தினராய் அருணை நகரம் வந்து சேர்ந்து, பின்னர் ஓர் அடியும் வேறிடம் நாடாது அம்மலையடிவாரத்திலேயே உறைந்த பகவான் ரமண மகரிஷியிடம் ஓமந்தூரார் ஆழ்ந்த பக்தி கொண்டவர். முதன்மந்திரிப் பொறுப்பை ஏற்குமுன் அவர் மகரிஷியின் திருமுன் வந்து அமர்ந்தார் என்றும், அங்கே பெற்ற தெளிவுடனேயே சென்னைக்குச் சென்றார் என்றும் கூறுவர். உடுத்த கோவணமன்றி வேறொன்றும் வேண்டாதிருந்த ஒரு துறவியின் முன்னிலையில் ஒரு மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பு முடிவாயிற்று என்பது நம் நாட்டு மரபிற்கு முற்றிலும் இயைந்ததே. செய்பவன் நான் என்னும் எண்ணமின்றிக் கடமையைச் செய்க என்பது கண்ணன் பார்த்தனுக்குத் தேர்த்தட்டில் அருளிய உபதேசத்தின் சாரம் அன்றோ!

1947 மார்ச் 23ஆம் நாள் ஓமந்தூரார் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 52. ஐந்து திங்கள் கழியுமுன், ஆகஸ்ட் 15ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. விடுதலை பெற்ற நாளில் சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாய் இருந்தவர் என்னும் பேறும் அவருக்கு வாய்த்தது. அவருடைய அமைச்சரவையில் திருவரங்கத்தைத் தம் இருப்பிடமாகக் கொண்ட டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன், குமாரமங்கலம் ஜமீன்தாரான டாக்டர் பி. சுப்பராயன், கல்வியறிஞர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார், எம். பக்தவத்சலம் முதலிய பெரியோர் இடம்பெற்றிருந்தனர்.

திருக்கதவம் திறந்தது

ஓமந்தூராரின் ஆட்சியில் அடியார் உலகம் என்றும் நினைவில் வைக்கத்தக்க செயல் 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டமாகும்.

அதன் அருமையை உணர அதற்கு முந்தைய வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1932-இல் டாக்டர் சுப்பராயன் சென்னைச் சட்டசபையில் ஆலயப் பிரவேச மசோதா ஒன்றைக் கொணர முயன்றபோது, வைசிராயின் அனுமதி மறுக்கப்பட்டது. 1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மகாராஜா தம் நாட்டு ஆலயங்களை அனைத்து இந்துக்களுக்கும் திறந்துவிட்டார். 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரையில் வைத்தியநாதய்யர், ஆலய நிர்வாகியாக இருந்த ஆர்.எஸ். நாயுடுவின் ஒத்துழைப்புடன், தாழ்த்தப்பட்டோரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் ஆலயத்துள் சென்றார். அச்செயலுக்குப் பாதுகாப்பாக ராஜாஜியின் அரசாங்கம் அவ்வாண்டிலேயே ஒரு சட்டம் செய்தது. ஆயினும் அச்சட்டம் கதவைத் திறக்கும் உரிமையை ஆலயப் பொறுப்பாளரின் விருப்பத்திற்கு விட்டது. வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று தர்மகர்த்தாக்கள் கருதினால் அரசின் இசைவுடன் திறக்கலாம். கருதாவிடில் மூடிய கதவம் மூடியவாறே இருக்கும்.

1947ஆம் ஆண்டின் சட்டம் இந்நிலையை அடியோடு மாற்றியது. அதுவரை விலக்கப்பட்டிருந்தோர், ஏனைய இந்துக்கள் எவ்வாறு எந்த அளவிற்கு உட்சென்று வழிபடுகின்றனரோ அவ்வாறே அந்த அளவிற்கு எல்லா இந்து ஆலயங்களிலும் புகுந்து வழிபட உரிமையுடையவர் என்று அது விதித்தது. தடுப்போர்க்குத் தண்டனையும் வகுத்தது. பிறர் மனமுவந்து அளிக்கும் சலுகையாக இருந்தது, பிறப்புரிமை ஆயிற்று.

ஆசாரத்தில் ஊறிய அன்பர் பலர் அந்நாளில் கலங்கினர் என்பதை மறைப்பதற்கில்லை. தலைமுறை தலைமுறையாய்க் காத்துவந்த மரபு குலைந்துவிடுமோ என்று அவர்கள் அஞ்சினர். அவ்வச்சத்தைப் பகையென்று கொள்ளலாகாது. தாம் நேசித்ததைக் காக்க வேண்டும் என்ற தவிப்பே அது. ஆயினும் வைணவ மரபின் உள்ளே சென்று நோக்குவார்க்கு இச்சட்டம் புதுமையாகத் தோன்றாது. பாணர் குலத்தில் தோன்றிய திருப்பாணாழ்வாரைத் தம் தோளில் சுமந்து உலோகசாரங்க முனிவர் அரங்கன் திருமுன் கொண்டு சேர்த்தார். மேல்கோட்டையில் தமக்குத் துணை நின்ற எளிய குலத்தாரைத் திருக்குலத்தார் எனப் பெயரிட்டு, ஆலயத்துள் புக உரிமை அளித்தவர் எம்பெருமானார். திருக்கோட்டியூரில் மறைபொருளைக் கோபுரத்தின் மீதேறி அனைவர்க்கும் வழங்கியவரும் அவரே.

திருக்கோவலூரின் மற்றொரு வரலாறும் இங்கே நினைவிற்கு வருகின்றது. மழை பெய்த ஓர் இரவில் சிறிய இடைகழி ஒன்றில் முதலாழ்வார் மூவரும் ஒதுங்கினர். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று இருந்த அவ்விடத்தில் நான்காமவராய் எம்பெருமானே நெருக்கிக்கொண்டு வந்து நின்றான். இடமில்லை என்று எவரும் எவரையும் வெளியே தள்ளவில்லை; நெருங்கி நின்றமையாலேயே அவர்களுக்குப் பெருமானின் சேவை கிட்டியது. ஒரு மாகாணத்தின் ஆலயங்கள் அனைத்தையும் அவ்விடைகழி போல் ஆக்க முயன்றதே ஓமந்தூரார் அரசின் சட்டம் எனலாம்.

இச்சட்டம் நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் வரை சென்று சோதிக்கப்பட்டது. தென் கன்னட மாவட்டத்து மூல்கி என்னும் ஊரில் வேங்கடரமணப் பெருமான் ஆலயம் உள்ளது. அது கௌட சாரஸ்வத பிராமண சமூகத்தாருக்காக ஏற்பட்டது; ஆதலின் இச்சட்டம் அதற்குப் பொருந்தாது என்று அதன் தர்மகர்த்தாக்கள் வழக்காடினர். 1957 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது வழிபாட்டில் எல்லா இந்துக்களுக்கும் உள்ள உரிமை நிலைநாட்டப்பட்டது. சில தனிச் சடங்குகளை மட்டும் அச்சமூகத்தார் தமக்கென வைத்துக்கொள்ளவும் இடம் தரப்பட்டது. பழைமைக்கும் புதுமைக்கும் உரிய இடத்தை அளந்து கொடுத்த தீர்ப்பு அது. ஓமந்தூராரின் அரசு நட்ட கன்று பத்தாண்டுகளில் வேரூன்றி நின்றமைக்கு அதுவே சான்று.

ஆலயத்தைச் சார்ந்த மற்றொரு சட்டமும் அவ்வாண்டிலேயே உருப்பெற்றது. சிறு பெண்களைத் தேவதாசிகளாகப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுத்த சட்டம் அது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1929-இலேயே, தாசிகள் அனுபவித்துவந்த மானிய நிலங்கள் ஆலய ஊழியக் கட்டிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தன. ஆயினும் பொட்டுக்கட்டும் வழக்கத்தையே நிறுத்த அவர் கண்ட கனவு நிறைவேற 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இறைவன் பெயரால் நிகழ்ந்த ஒரு கொடுமை இவ்வாறு சட்டத்தால் முடிவெய்தியது.

நிலமும் சட்டமும்

நிலக்குடியில் பிறந்தவர் ஆட்சிக்கு வந்தால் நிலமுடையோர்க்கே அனுகூலம் விளையும் என்று உலகம் எண்ணுவது இயல்பு. ஓமந்தூராரின் ஆட்சியில் நிகழ்ந்ததோ அதற்கு நேர்மாறானது.

கும்பினியார் 1802-இல் வகுத்த நிரந்தர ஏற்பாட்டின்படி, ஜமீன்தார்கள் அரசுக்கு மாறாத பேஷ்குஷ் தொகையைச் செலுத்திவிட்டுக் குடிகளிடமிருந்து வாரம் தண்டி வந்தனர். ரயத்துவாரிப் பகுதியில் உழுதவன் நேரே அரசுக்குத் தீர்வை செலுத்திப் பட்டா பெற்றிருந்தான். ஜமீன் பகுதியிலோ உழுதவனுக்கும் அரசுக்கும் இடையே மற்றொருவர் நின்றார். அருகருகே இருந்த இரண்டு ஊர்களில் ஒரே தன்மையான நிலத்துக்கு ஜமீன் குடியானவன் மிகுதியாகச் செலுத்துவதும் உண்டு. 1908ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச் சட்டம் குடிகளுக்கு ஓரளவு காப்பு அளித்தது. 1937-இல் அமைந்த ராஜாஜி அமைச்சரவையின் காலத்தில் பிரகாசம் தலைமையிலான குழு இதனை விரிவாக ஆராய்ந்தது. ஆனால் செயல் மட்டும் தள்ளிப்போயிற்று.

ஓமந்தூராரின் அரசு 1947-இல் முதற்கண் வாரக் குறைப்புச் சட்டத்தைக் கொணர்ந்தது. எஸ்டேட் குடிகள் செலுத்தும் வாரத்தை, அண்டையிலுள்ள ரயத்துவாரி நிலங்களின் தீர்வையை ஒட்டிக் குறைப்பதே அதன் நோக்கம். அடுத்து 1948-இல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. இழப்பீடு அளித்து ஜமீன்களை அரசு ஏற்பதும், அவற்றை ரயத்துவாரி முறைக்கு மாற்றுவதும் அச்சட்டத்தின் வழி. வருவாய் அமைச்சர் கலா வெங்கடராவ் இப்பணியில் முன்னின்றார். ஜமீன்தாரான சுப்பராயன் அமர்ந்திருந்த அமைச்சரவையே ஜமீன் முறையை முடித்துவைத்தது என்பது சிந்தித்தற்குரியது. பரம்பரைச் செல்வத்தை உடையவரே அச்செல்வத்திற்கு வரம்பு கட்ட முன்வந்த காட்சி, தாரை வார்க்கும் கையைத் தடுக்கப் பார்த்த சுக்கிரனைப் புறக்கணித்து நீர் வார்த்த மகாபலியை நினைவூட்டுகின்றது.

மதுவிலக்கும் பிற பணிகளும்

ராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, ஓமந்தூராரின் ஆட்சியில் 1948 அக்டோபர் 2ஆம் நாள் மாகாணம் முழுவதிலும் பரவியது. காந்தியடிகள் மறைந்தபின் வந்த முதல் பிறந்தநாள் அது. அரசுக்கு வந்த ஆயத்தீர்வை வருமானம் பெரிதாயினும், குடியால் அழியும் குடும்பத்தின் கண்ணீர் அதனினும் பெரிது என்பது அவ்வரசின் கொள்கை.

1947 நவம்பரில் அரசுப் பணி நியமனங்களுக்கான வகுப்புவாரி உத்தரவு திருத்தப்பட்டு, 14 இடங்கள் கொண்ட சுற்றில் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கென்று இரண்டு இடங்கள் தனியே ஒதுக்கப்பட்டன. வகுப்புவாரி முறை பற்றிப் பின்னாளில் நீதிமன்றங்களில் பெரும் வழக்குகள் எழுந்து, 1951-இல் அரசியலமைப்பின் முதல் திருத்தத்திற்கே அவை வழிவகுத்தன.

மகாகவி பாரதியாரின் நூல்களை நாட்டுடைமை ஆக்கும் முடிவும் அவர் ஆட்சியிலேயே, 1949-இல் எடுக்கப்பட்டது. ஒரு கவிஞனின் வாக்கு ஒருவர் கைச் சொத்தாக இராது தமிழ்மக்கள் அனைவரின் சொத்தாக வேண்டும் என்ற கோரிக்கை அதனால் நிறைவேறியது. ஆலயமும் நிலமும் பாட்டும் ஆகிய மூன்றிலும் ஓமந்தூராரின் அரசு ஒரே நெறியில் சென்றதைக் காண்கின்றோம். சிலர்க்கே உரியதாய் இருந்ததைப் பலர்க்கும் உரியதாக்குவதே அந்நெறி.

அண்டையிலிருந்த ஐதராபாத் சமஸ்தானத்தில் ரஜாக்கர்களின் கொடுமை மிகுந்தபோது, மாகாணத்தின் தெலுங்கு மாவட்டங்களில் அகதிகள் வந்து குவிந்தனர். எல்லையைக் காப்பதும் ஏதிலிகளைப் பேணுவதும் அவ்வரசின் தலைமேல் விழுந்தன. 1948 செப்டம்பர் 13 முதல் 17 வரை இந்திய அரசு மேற்கொண்ட நடவடிக்கையால் அத்தொல்லை தீர்ந்தது.

கடுமையும் கண்டனமும்

ஓமந்தூராரின் ஆட்சியில் குறை காண்பாரும் இருந்தனர். பொது அமைதிக் காப்புச் சட்டத்தைக் கையாண்டு பொதுவுடைமைக் கட்சியினர் பலரைச் சிறையில் வைத்தது, 1948-இல் கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தது, பள்ளிகளில் இந்தியைப் புகுத்தியது ஆகியவை கடும் எதிர்ப்பைக் கிளப்பின. ஒழுங்கு என்பதில் அவர் காட்டிய உறுதி சிலவேளை அளவு கடந்தது என்று கருதுவோர் இன்றும் உளர்.

ஆயின் சொந்தக் கட்சியினரே அவர்மீது கொண்ட மனத்தாங்கலுக்குக் காரணம் வேறு. சட்டமன்ற உறுப்பினர்கள் அதிகாரிகளிடம் சென்று தலையிடுவதை அவர் விரும்பவில்லை. சிபாரிசுக் கடிதங்களுக்கு அவரிடம் மதிப்பில்லை. நியமனம், மாற்றம், உரிமம் ஆகியவற்றில் உற்றார் உறவினர்க்கென்று தனி வழி திறக்க அவர் உடன்படவில்லை. ஆலயக் கதவை அனைவர்க்கும் திறந்தவர், தம் அலுவலகத்தின் கொல்லைக் கதவை மட்டும் எவர்க்கும் திறக்கவில்லை. விடுதலைக்காகச் சிறை சென்ற தொண்டர் பலர்க்கு அது கசந்தது. தியாகத்திற்குப் பயன் எதிர்பார்ப்பது மனித இயல்பு. தியாகத்திற்கு விலை வைத்தால் அது வாணிகம் ஆகிவிடும் என்பது ஓமந்தூரார் கொண்ட கருத்து.

1948-இல் மீண்டும் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவரை, அடுத்த ஆண்டில் கட்சியின் ஆதரவு கைவிட்டது. அவரைக் கொணர்ந்த காமராஜருக்கும் அவருக்கும் இடையே இடைவெளி வளர்ந்திருந்தது. 1949 ஏப்ரல் 6ஆம் நாள் அவர் பதவியினின்று நீங்கினார். அவர் ஆண்டது இரண்டு ஆண்டுகளும் இரண்டு வாரங்களுமே. அவருக்குப்பின் பொறுப்பேற்ற ராஜபாளையம் பூ.ச. குமாரசுவாமி ராஜாவும் செல்வக் குடியின் வாரிசே. தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு ஈந்த பெருமை அவருக்கு உண்டு. பரம்பரைச் செல்வத்தைப் பொதுப்பணிக்கு ஆக்கிய இருவர் அடுத்தடுத்து அந்நாற்காலியில் அமர்ந்தது அக்காலத்தின் சிறப்பு.

வடலூர் வாழ்வு

பதவி நீங்கியோர் பெரும்பாலும் அதனை மீண்டும் பெறும் வழியையே தேடுவர். 54 வயதே நிரம்பியிருந்த ஓமந்தூராரோ அவ்வழியை நோக்கவில்லை. 1950 ஏப்ரல் 14ஆம் நாள் ரமண மகரிஷி அண்ணாமலையில் விதேக முக்தி எய்தினார். ஓமந்தூராரின் உள்ளம் பற்றிய மற்றொரு திருத்தலம் வடலூர்.

பசித்தவர்க்கு உணவிடுவதே பெருவழிபாடு என்று கண்ட இராமலிங்க வள்ளலார், 1867-இல் அங்கே தருமச்சாலையை நிறுவினார். 1872-இல் சத்திய ஞான சபையைத் தொடங்கினார். சமய வேறுபாடுகளைக் கடந்து நின்ற அவ்வருளாளர், இராமநாமப் பதிகத்தையும் திருவள்ளூர் வீரராகவப் பெருமான்மீது பாக்களையும் பாடியவர் என்பதை வைணவ அன்பர்கள் நன்றியுடன் நினைப்பர். அவ்வள்ளலாரின் நெறியைத் தம் எஞ்சிய வாழ்வின் நெறியாக ஓமந்தூரார் ஏற்றார். வடலூரில் சுத்த சன்மார்க்க நிலையத்தை ஏற்படுத்தி, ஆதரவற்ற சிறார்க்கும் ஏழை மாணவர்க்கும் உணவும் உறைவிடமும் கல்வியும் கிடைக்கச் செய்தார். ஒரு மாகாணத்தின் வரவுசெலவைக் கண்ட கண்கள், அதன்பின் சிறுவர்களின் அரிசியையும் ஏடுகளையும் கணக்கிட்டன. இரண்டிலும் அவர் காட்டிய கவனம் ஒன்றே.

அரசியல் ஆரவாரம் எட்டாத அவ்விடத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். 1970 ஆகஸ்ட் 25ஆம் நாள், தம் 75ஆம் வயதில், இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நிலைத்த பெயர்

சென்னையில் அண்ணா சாலையை அடுத்து விளங்கும் அரசினர் தோட்டம் இன்று ஓமந்தூராரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அங்கே 2010ஆம் ஆண்டு புதிய தலைமைச் செயலகத்திற்கென ஒரு மாளிகை எழுந்தது. பின்னர் அம்மாளிகை பல்துறை உயர் சிகிச்சை மருத்துவமனையாக மாற்றப்பட்டு, 2014-இல் திறக்கப்பெற்றது. அமைச்சர்கள் அமர வேண்டிய மாளிகையில் இன்று பிணியாளர் படுத்துத் தேறுகின்றனர். அரசியல் காரணங்கள் எவையாயினும், ஓமந்தூராரின் பெயருக்கு இதனினும் பொருத்தமான முடிவு வேறில்லை.

அண்ணாமலையார் ஆலயத்தினுள்ளேயே வேணுகோபாலனுக்கும் ஒரு சந்நிதி உண்டு. பிரிவில்லாது இறைவனைக் காணும் பண்பு இவ்வூரின் மண்ணில் ஊறியது. அத்தகைய ஊரில் பெருமானின் திருவிழாவைச் சேவிக்க இன்று வரும் அடியார் கூட்டத்தில், எக்குலத்தார் எவர் என்று வாயிலில் நின்று வினவுவார் எவருமிலர். திருக்கதவம் திறந்தே இருக்கின்றது. தீர்த்தமும் திருத்துழாயும் சடாரியும் வரிசையில் நிற்கும் அனைவர்க்கும் கிட்டுகின்றன. ஒருகாலத்தில் மதிலுக்கு வெளியே நின்று கோபுரத்தை மட்டும் தொழுது திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகளும் அவ்வரிசையில் நிற்கின்றனர். இது எளிதாக வந்ததன்று. இதற்கெனப் பாடுபட்டோர் பலர். அவர்களுள் சட்டத்தின் முத்திரையை இட்டவர் ஓமந்தூரார்.

நிலம், செல்வம், பதவி, அறிவு ஆகிய எதுவும் அளப்பவன் வந்து கேட்கும் வரை காத்து நிற்பதற்காகவே மனிதர் கையில் தரப்பட்டது. கேட்கும்போது முகம் கோணாது கொடுப்பவர்க்கு அவன் திருவடி தலைமேல் வந்து அமரும். ஓமந்தூர் நிலக்குடியின் வாரிசு தம் வாழ்வால் உணர்த்திய பாடம் இதுவே. திருவிழாச் சேவையை முடித்து வீடு திரும்பும் அன்பர்கள், பிரசாதத்தோடு இவ்வெண்ணத்தையும் மடியில் கட்டிக்கொண்டு செல்வாராக. உலகளந்த பெருமானின் திருவருள் அனைவர்க்கும் உண்டாகுக!